ஒன்பதாவது பாட்டுக்கு இரண்டு ஓட்டு

என் அக்காவுக்கு, எந்த அறையிலும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்தவளுக்கு,

கிழவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

பதினான்கு வருடம் கழித்து. இனி இவர்கள் ஆல்பம் போட்டால் மொட்டை அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாய். தப்பித்தாய். ஒன்பது பாட்டுகள். அட்டையில் நான்கு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு முன் எந்த அட்டையிலும் அவர்கள் உட்கார்ந்ததில்லை.

அப்பாவிடம் சொன்னேன். “அந்தத் தகர டப்பா கோஷ்டியா? இன்னும் உசுரோட இருக்கறாங்களா?” என்றார். கேட்ட உடனே எழுந்து பால்கனிக்குப் போய், காயாத துணிகளைக் கொடியிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்.

குழு கூடியது. உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்காகப் பொறுத்துக்கொள். புனே சாங்வியில் மிலிந்த் வீட்டு மொட்டை மாடி அறை. ஞாயிறு மதியம் மூன்று மணி. ஹார்ட் ராக் என்றால் எதையும் விட்டுவிட்டு ஓடி வரும் எட்டுப் பேர். மிலிந்த், கார் உதிரிப் பாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஐம்பத்து நான்கு வயது, அந்தப் பெரிய ஸ்பீக்கர்களின் சொந்தக்காரர். ஃபர்ஹானா, பல் டாக்டர். இன்னும் நான்கு பேர். நீ. உன் பின்னால் நான். எட்டில் தமிழ் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான்.

விதி உன்னுடையது. எந்த ஆல்பமானாலும், பழையதோ புதியதோ, முதலிலிருந்து கடைசிவரை வாய் திறக்காமல் கேட்க வேண்டும். புதியது என்றால் யாரும் முன்னதாகத் தனியாகக் கேட்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பாட்டைக் கச்ரா என்று சொல்ல வேண்டும். குப்பை. எவ்வளவு நல்ல ஆல்பமாக இருந்தாலும் ஒன்றை வீசியே ஆக வேண்டும். அதிக ஓட்டு விழுந்த பாட்டு பிறகு அந்த அறையில் ஒலிக்காது. “எல்லாமே பிடிச்சிருக்குன்னு சொல்றவன் எதையுமே கேக்கல” என்பாய். மனம் நொந்து போனவர்கள் உண்டு. இரண்டு கூட்டம் வந்துவிட்டு நின்றுவிட்டவர்கள் உண்டு. நீ கவலைப்பட்டதில்லை.

ஒன்பது வருடமாக நான் போட்டது ஒரே ஓட்டு. “அக்கா சொன்னதே.” நாளடைவில் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். முதல் முறை போனபோது எனக்குப் பதினெட்டு வயது; ஃபர்ஹானா சோட்டு என்று கூப்பிட்டாள். பொடியன். எம்.ஏ. முடித்து, வேலைக்குப் போய், இருபத்தேழு வயதாகியும் அங்கே நான் சோட்டுதான்.

இந்த ஆல்பம் வந்து ஒரு மாதம் காத்திருந்தேன். தனியாகக் கேட்கவில்லை. அதை மட்டும் நம்பு.

முதல் எட்டுப் பாட்டுகளில் கிதார் பழைய மாதிரியேதான், கொஞ்சம் தடித்திருக்கிறது. டிரம்ஸ் அளவுக்கு மேல் சுத்தம். பாடகரின் குரல் எங்கும் பிசகவில்லை. எழுபதைத் தாண்டிய மனிதனின் குரல் எங்கும் பிசகாமல் இருப்பது எப்படி? ஒன்பதாவதில் விடை கிடைத்தது. அதில் ஒரு கிதார், ஒரு குரல், வேறெதுவும் இல்லை. மேலே போகும் இடத்தில் குரல் உடைகிறது. மறுபடி முயல்கிறார். எட்டவில்லை. வரியைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறார். அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

பாட்டு முடிந்ததும் மிலிந்த்தான் ஆரம்பித்தார். இந்தியும் மராத்தியும் கலந்து பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். அவர் கை ஆட்டுவதை நீயே போட்டுக்கொள்.

“ஒன்பதாவது கச்ரா. பிச்சை கேக்கறாருப்பா! எனக்கு வயசாயிடுச்சு, கை தட்டுங்கன்னு.”

“அப்ப முதல் எட்டு?” என்றாள் ஃபர்ஹானா. “கம்ப்யூட்டர் நேர் பண்ணின குரல் அது. பல் செட்டு மாதிரி வரிசையா இருக்கு. என் தொழில், எனக்குத் தெரியும்.”

“பல் செட்டோட வர்றதுதான் மரியாதை, டாக்டர். பொக்கை வாயோட யாராவது மேடை ஏறுவாங்களா?”

“நீங்க இந்த மாடி ஏற ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்கறீங்க. உங்களைத் தூக்கிப் போட்டுட்டமா?”

“அரே, இது என் வீடு. என்னை எப்படித் தூக்கிப் போடுவீங்க?”

ஒரு மணி நேரம் இப்படியே போனது. நன்றாக இருந்தது. நீ போன பிறகு அந்த அறையில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. ஒருவரையொருவர் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்திக்கொண்டிருந்தோம்.

எண்ணிப் பார்த்தால் மூன்றுக்கு மூன்று. மிலிந்தும் இன்னும் இருவரும் ஒன்பதாவதை வீசச் சொன்னார்கள். ஃபர்ஹானா பக்கம் மூன்று பேருக்கும் நாலாவதுதான் கச்ரா: ரேடியோவுக்கென்றே செய்தது போல இனிப்பு, கோரஸில் குழந்தைகள் வேறு. மிச்சம் நான்.

“சோட்டு, உன் அக்கா எதை வீசியிருப்பா?” என்றாள் ஃபர்ஹானா.

என்னைக் கேட்கவில்லை, பார். உன்னைத்தான் கேட்டாள். ஒன்பது வருடப் பழக்கம்.

“நாலாவது,” என்றேன். “ஒன்பதாவது அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்.”

பொய். உனக்கு எது பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத்தான் பிடித்திருந்தது. ஒன்பதாவது அந்த அறையில் இனி ஒலிக்காமல் போய்விடும் என்று பயந்தேன். உன் பெயரில் சொன்னால் யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

யாரும் எதிர்க்கவில்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மிலிந்த்கூட. அவ்வளவு சீக்கிரம் நீ ஜெயித்து நான் பார்த்ததில்லை. இருந்திருந்தால் உனக்கே பிடித்திருக்காது.

மிலிந்தின் மனைவி டீயும் ஜவ்வரிசி வடையும் கொடுத்தனுப்பினார். மிலிந்த் டீயைத் தொடவில்லை. ஸ்பீக்கரின் மேல் இருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே பேசினார்.

“போன வருஷம், இவங்க மறுபடி ஸ்டுடியோவுக்குப் போறாங்கன்னு செய்தி வந்துச்சுல்ல. அன்னிக்கு நான் கராடி போயிருந்தேன். உன் அக்கா ஆபீஸ் வாசல்ல டீ குடிச்சுக்கிட்டே நானும் அவளும் சண்டை போட்டோம். இந்தத் தொண்டையை வெச்சுட்டுப் பாடலாமா கூடாதான்னு. யாரு எந்தப் பக்கம்னு கேக்காத, பாதியிலேயே ரெண்டு பேரும் பக்கம் மாறிட்டோம். கடைசியில தமிழ்ல ஒரு வாக்கியம் சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. அர்த்தம் கேக்கறதுக்குள்ள உள்ள போயிட்டா. அடுத்த தடவை கேக்கலாம்னு விட்டுட்டேன்.”

அடுத்த தடவை இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

“மறந்துடக் கூடாதுன்னு ஸ்கூட்டர்ல போறப்ப எல்லாம் சொல்லிப் பாத்துக்கறேன். எனக்குத் தெரிஞ்ச தமிழ் அது ஒண்ணுதான். எனக்கு எதிராக்கூட இருக்கலாம். நீ கேட்டுட்டுச் சொல்லு.”

கண்ணை மூடிக்கொண்டார். பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போல் சொன்னார்:

“தொண்டை போயிருச்சுன்னா ஊட்டுக்குப் போயிரோணும்.”

அக்கா.

அந்தப் ‘போயிரோணும்’. நம் விஷ்ராந்த்வாடி வீட்டு நான்கு சுவருக்கு வெளியே, இந்தப் புனேயில், அதை யார் வாயிலும் நான் கேட்டதில்லை. அம்மா கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்து நம் இருவருக்கும் கொடுத்தது. ஒரு மராத்திக்காரர் அதை, நீ நீட்டுகிற இடத்தில் நீட்டி, நீ வெட்டுகிற இடத்தில் வெட்டிச் சொன்னார். எத்தனை சிக்னலில் நின்று சொல்லிப் பார்த்திருப்பார்?

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். யாருக்கும் புரியவில்லை. நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ‘உடைஞ்ச குரல்தான் உண்மையான குரல்னு சொல்லியிருக்கா’ என்றால் முடிந்தது. நம்பியிருப்பார்கள். என் பாட்டு பிழைத்திருக்கும்.

ஆனால் மிலிந்த் அந்தப் பொய்யை அர்த்தமென்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போவார். தினமும் சொல்லிப் பார்ப்பார். உன்னிடம் அவருக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வாக்கியம். அதில் போய் நான் கை வைப்பதா?

“தொண்டை போச்சுன்னா வீட்டுக்குப் போயிடணும்னு அர்த்தம்,” என்றேன். “நான் முன்னாடி சொன்னது பொய். அவ ஒன்பதாவதத்தான் வீசியிருப்பா.”

மிலிந்த் துள்ளிக் குதிக்கவில்லை. திட்டவும் இல்லை. வாக்கியத்தை இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார், இப்போது அர்த்தம் தெரிந்து. “தொண்டைன்னா கலா,” என்று தன் மொழியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, “என்ன பொம்பளடா அவ!” என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

“சரி, அது அவ ஓட்டு,” என்றாள் ஃபர்ஹானா. “உன்னுது?”

ஒன்பது வருடத்தில் முதல் முறை. கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தேன்.

“நாலாவது. ஒன்பதாவது இருக்கணும்.”

“ஏன்?” மிலிந்த் விடவில்லை. “காரணம் சொல்லு. சோட்டுங்கறதுக்காக விட முடியாது.”

சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை அங்கே சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் உன் தொண்டைக்குள் விட்டிருந்த சுவாசக் குழாயை எடுத்த பிறகு உனக்கு மூன்று நாள் கிடைத்தது. குரல் இல்லை. அட்டைப் பெட்டியைத் தரையில் இழுப்பது போல் ஏதோ ஒன்று. பேசாதீங்க என்று நர்ஸ் இரண்டு மொழியில் சொன்னார். நீ கேட்டாயா? மானிட்டர் தாளம் தப்புகிறது என்றாய். அப்பாவைக் குளித்துவிட்டு வரச் சொல்லு என்றாய். என் சட்டையின் நிறம் சகிக்கவில்லை, நாளைக்கும் இதையே போட்டுக்கொண்டு வராதே என்றாய். பெரிய விஷயம் எதுவும் சொல்லவில்லை. பாதி வாக்கியத்தில் மூச்சு நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். நான் குனிந்து, காதை உன் வாயருகே வைத்து, ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

தொண்டை போன பிறகு நீ பேசாமல் இருக்கவில்லை, அக்கா. நீ மட்டும் மிலிந்திடம் சொன்னபடி நடந்திருந்தால் அந்த மூன்று நாள் எனக்கு இல்லை. அதற்கு நான் யாரிடம் போய் நன்றி சொல்வது?

என் இந்தி இப்படிப்பட்ட இடங்களில் தடுமாறும். எவ்வளவு சொன்னேன், எவ்வளவு அவர்களிடம் போய்ச் சேர்ந்தது, தெரியவில்லை. ஃபர்ஹானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிலிந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது ஆஸ்பத்திரி,” என்றார். “இது ஆல்பம். ரெண்டும் ஒண்ணில்ல, பேட்டா. என் ஓட்டு மாறாது.”

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இரக்கப்பட்டு ஓட்டை மாற்றியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். நீயும் மாற்றியிருக்க மாட்டாய். என் முகத்துக்கு நேராக அதையேதான் சொல்லியிருப்பாய்.

உன்னைச் சேர்த்து, என்னைச் சேர்த்து, நாலுக்கு நாலு. உன் விதியில் இதற்கு வழி இல்லை. நம் இரண்டு ஓட்டும் எப்போதும் ஒரே பக்கம் விழும் என்று நீயும் நினைத்துவிட்டாய் போல.

கடைசியில் மிலிந்த்தான் கையை விரித்தார். “அக்கா தம்பி சண்டையில நாங்க எதுக்கு? ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. அதுவரைக்கும் ஒன்பது பாட்டும் ஓடும்.”

அதனால்தான் இந்தக் கடிதம். வேறு எப்படி உன்னோடு பேசுவது?

நீ போனதிலிருந்து நான் ஒரு தவறு செய்துவந்திருக்கிறேன். உன்னை எனக்குச் சம்மதமானவளாக ஆக்கிக்கொண்டேன். நான் எதைச் செய்தாலும் தலையாட்டுகிற ஒருத்தி. அது நீ இல்லை. மிலிந்த் ஸ்கூட்டரில் சுமந்து வந்தவள்தான் நீ. எனக்குப் பிடித்த பாட்டைக் குப்பையில் போடுகிறவள். எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது, தெரியுமா?

அந்த அறைக்கு என்னைக் கூட்டிப் போனாய். அந்த மனிதர்களைக் கொடுத்தாய். ஒன்றையாவது வேண்டாம் என்று சொல்லக் கற்காதவன் எதையும் கேட்டவனில்லை என்றாய். ஒன்பது வருடம் நான் கேட்காமலேயே உட்கார்ந்திருந்தும் பொறுத்துக்கொண்டாய். எல்லாவற்றுக்கும் சேர்த்து நன்றி, அக்கா.

ஞாயிற்றுக்கிழமை போவேன். பேசியாச்சா என்று மிலிந்த் கேட்பார். அவ எறங்கி வரல, நானும் எறங்கல என்பேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையேதான் சொல்வேன். உன் ஓட்டை இனி நான் தொட மாட்டேன். அது ஒன்பதாவதற்கு எதிராகவே இருக்கட்டும். என் ஓட்டையும் உன்னிடம் தர மாட்டேன். நாம் இருவரும் ஒத்துப்போகாதவரை அந்த மனிதர் அங்கே பாடிக்கொண்டிருப்பார்.

முதல் முறையாக உன்னை எதிர்த்து ஓட்டுப் போட்ட
உன் தம்பி