வாக்னர் வீட்டுக் கல்யாண ஓலை

1992 ஜூன் 7, ஞாயிறு

காலையிலேயே வெயில். எங்கள் மேனாம்பேட்டுக்குத் தண்ணீர் லாரி இன்றும் இல்லை. சர்ச் போய்ச் சேர்வதற்குள் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

என் கல்யாணத்துக்கு முதல் ஓலை, சபையில் வாசிக்கும் முதல் அறிவிப்பு, இன்று. போதகர் வாசித்தார்: அம்பத்தூர் கிரேஸ் வாக்னருக்கும் ஆவடி ஜெயராஜ் வாக்னருக்கும். தடை இருந்தால் சொல்லலாம் என்று வழக்கம்போல் கேட்டார். எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. இன்று பூந்தமல்லி அத்தை எழுந்தாள். அப்பாவின் சொந்த அக்கா!

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு கீது ஐயா. பங்காளி ஊட்ல பொண்ணு குடுப்பாங்களா? அண்ணன் தங்கச்சி முறை ஆவுது."

சபையே திரும்பி என்னைப் பார்த்தது. தனியாக வந்திருந்த மாப்பிள்ளை ஜெ. தலையைக் குனிந்துகொண்டான். விசாரித்துத் தீர்த்தால்தான் இரண்டாவது ஓலை என்றுவிட்டார் போதகர்.

அத்தை நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை, முழங்கால் வலி. மாப்பிள்ளையின் முழுப் பேரை இன்றுதான் கேட்கிறாளாம். கொடுமை என்னவென்றால், ஒரே பேர் என்பதால்தான் அப்பா இந்தச் சம்பந்தத்துக்கே தலையாட்டினார். "நம்ம ஜனம்தான்" என்று ஒரே வார்த்தை. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

வாங்க வேண்டியது: துணி சோப்பு, ஊக்கு, அம்மாவுக்குத் தைலம்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ்ஸில் நசுங்கல். ஆபீஸில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. எப்படித்தான் பரவுமோ!

புது மெஷின் மாட்ட வந்திருக்கும் ஜெர்மன்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். வாக்னர் என்றால் அந்தக் காலத்தில் வண்டி செய்தவர் என்றார். ஊருக்கு ஊர் வண்டி செய்பவர் இருந்தார், அதனால் ஊருக்கு ஊர் வாக்னர். ஒருவருக்கொருவர் உறவே கிடையாதாம். அவருடைய சித்தப்பா வீட்டில் மாப்பிள்ளையும் வாக்னர், பெண்ணும் வாக்னர். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஓடிவந்து, எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட அத்தையிடம் சொன்னேன். "அவனுங்க கட்டிப்பானுங்கடி. அவனுங்களுக்கு மொறை இன்னா, மண்ணு இன்னா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 10, புதன்

புழுக்கம். மின்சாரம் போய்ப் போய் வந்தது. மாலை போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை தயாராகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாக்னர்ங்கிறது போர்டிங் ஸ்கூல் நடத்தின ஒரு ஜெர்மன் பாதிரியார் பேரும்மா. ஞானஸ்நானம் எடுத்த பசங்க சாதிப் பேர விடணும்னு, எல்லாருக்கும் தன் பேரையே வச்சிட்டார். ஒரு வகுப்பு முழுக்க வாக்னர்தான்."

"அவருக்குப் புள்ள குட்டி?"

"கிடையாது."

"அப்போ ரத்தம் ஒண்ணும் இல்ல?"

"இல்லம்மா."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நானு இன்னாத்துக்கு சபைல எழுந்து நிக்கிறேன்?" இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அப்பா மட்டும் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தார். நம் வம்சத்தில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார், அதனால்தான் தனக்கு இந்த மூக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

ஜூன் 12, வெள்ளி

தலைவலி. சாம்பார் தீய்ந்தது.

அப்பா ஆரம்பித்துவிட்டார். "பங்காளி இல்லேன்னா, அப்போ அவங்க யாரு?"

ஐயோ! ஐந்து நாள் நாயாக அலைந்து உறவில்லை என்று நிரூபித்தது இதற்குத்தானா? விஷயம் கேள்விப்பட்டு அத்தையும் வந்திருந்தாள். இப்போது என் கட்சி.

"பேரு ஒண்ணா கீதுன்னு சொன்னேன். புள்ளைய கொறை சொன்னேனா? தங்கமான புள்ளடா."

"நீ சும்மா இரு அக்கா. யாரு என்னன்னு தெரியாம எப்படிக் குடுக்கிறது?"

நான் கத்திவிட்டேன். "போய்க் கேளுங்களேன்! ஆவடி என்ன அமெரிக்காவிலயா இருக்கு?"

அப்பா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாக, "நான் போய்க் கேட்டா அவங்க நம்மளக் கேப்பாங்களேம்மா."

அப்பாவின் தாத்தா பாரிவாக்கத்தில் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அம்மா ஒருமுறை வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? கோபம் அப்பா மேலா, அப்பாவை இப்படிப் பயப்பட வைத்தவர்கள் மேலா, தெரியவில்லை. நன்றாக அழுதேன்.

ஜூன் 13, சனி

அரை நாள் ஆபீஸ். பஸ் ஸ்டாப்பில் ஜெ. காத்திருந்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் முழித்தான், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். எரிச்சலாக வந்தது.

"எங்க தாத்தாவும் கழனில கூலிதான் கிரேஸ். உங்கப்பா எங்க கேட்டுடுவாரோன்னு எங்க நைனா ஒரு வாரமா சரியா துன்றதே இல்ல."

வீட்டில் சொன்னேன். அப்பா "ஓஹோ" என்றார். நாளைக்குச் சர்ச்சுக்குப் போடும் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

ஜூன் 14, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

இரண்டாவது ஓலை. ஜெ. வீட்டாரும் எங்கள் சர்ச்சுக்கே வந்தார்கள். போதகர் இரண்டு பேரையும் முழுசாக வாசித்துவிட்டு, தடை உண்டா என்று கேட்டார். அத்தை வாயை இறுக்க மூடிக்கொண்டாள். இந்தப் பக்கத்து பெஞ்சில் அப்பா, அந்தப் பக்கத்து பெஞ்சில் ஜெ.யின் அப்பா. யாராவது எழுந்து கேட்டுவிடுவார்களோ என்று இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும்போது ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். உடனே இரண்டு பேரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள். போதகர் இன்னும் பாட்டு நம்பரே சொல்லவில்லை.