பென்சில் படாத முகம்

பகாவ்,
1934 ஆகஸ்டு

என் அருமை சுலைஹாவுக்கு உன் மச்சான் சைபுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் மாமியும் வீட்டில் எல்லாரும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

கனி மரைக்கார் இந்த வாரம் ஊருக்குக் கப்பலேறுகிறார். அவர் சாப்பாட்டுக் கடை வாசலில்தான் என் போட்டோப் படக்கடை என்பது உனக்குத் தெரியும். கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். வழக்கம்போல அறபு எழுத்தில், நம் அறபுத்தமிழில் எழுதுகிறேன். உனக்குப் படிக்க வராத தமிழ் எழுத்தில் எழுதினால் உன் கூடப்பிறந்த காக்கா ஷம்சுதீனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாய். அப்புறம் நான் எழுத நினைப்பதில் பாதியை எழுத முடியாது.

தொழில் நன்றாகவே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுற்றியுள்ள தோட்டத்து ஜனம் முழுக்க பகாவ் கடைத்தெருவில்தான். மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரையைத் தொங்கவிட்டு, முன்னால் நாற்காலியைப் போட்டுவிடுவேன். ஆண்களுக்கு என் கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டுக்கு இங்கே என்னைவிட மரியாதை அதிகம். யார் வந்தாலும் அதை மாட்டிக்கொண்டுதான் ஊருக்குப் படம் அனுப்புகிறார்கள். சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மூன்று பேர் படம் போய்ச் சேர்ந்ததாம். மலாயாவில் வேலைக்குச் சேர்ந்ததும் ஆளுக்கொரு கோட்டு கொடுக்கிறார்கள் என்று அந்த ஊரே நம்பிக்கொண்டிருக்கிறதாம்.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். பஞ்சாலை என்று ஒரு பெண், ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்பவேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டாள். பாவம் என்று நினைத்து, கண்ணாடித் தகட்டில் என் கைவரிசையைக் காட்டினேன். இது எப்படி என்று உனக்குச் சொன்னதில்லையே. படம் முதலில் கண்ணாடித் தகட்டில் தலைகீழ் நிறமாக விழும், முடி வெள்ளை, முகம் கறுப்பு. முகத்தில் குழி, வடு எதுவானாலும் தகட்டில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளிகளை மெல்ல நிரப்பிவிட்டால், காகிதத்தில் அச்சிடும்போது வடு போன இடம் தெரியாது. பகாவில் இந்த வேலை என் அளவுக்கு யாருக்கும் வராது. பஞ்சாலையின் முகத்தைப் பீங்கான் தட்டுப்போல ஆக்கிக் கொடுத்தேன்.

அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு பாய் இது?" என்றாள். நீதானம்மா என்றேன். வந்ததே கோபம். "இதுல நான் எங்க இருக்கேன்? ஆத்தா போட்ட முத்த அழிக்கிறதுக்கு நீ யாரு?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிறமாதிரி சத்தம். அம்மை வார்த்தால் அவர்களுக்கு அது மாரியாத்தா வீட்டுக்கு வந்துபோன அடையாளம், கொப்புளத்தை முத்து என்றுதான் சொல்வார்கள். அதை அழித்தது நான் செய்த பெரிய குற்றமாகிவிட்டது. "எங்க ஆயி ராவும் பகலும் வேப்பிலையால தடவிக்கிட்டுக் கெடந்தவ. இதப் பாத்தா எவளோ ஒருத்தியோட படத்த அனுப்பிட்டேன்னு அழுவா" என்று சொல்லி, படத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வருகிற ஞாயிறு மறுபடி வருவாளாம், அவளை அவளாகவே படம் பிடித்துக் கொடுக்கவேண்டுமாம். மரைக்கார் கல்லாவில் உட்கார்ந்து சிரிக்கிறார், "நல்லா வேணும்லா ஒனக்கு" என்று. அழகாக்கிக் கொடுத்ததற்கு ஏச்சு வாங்கினவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உனக்கு அம்மை வந்து, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது என்று உன் காக்கா எழுதியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நீ ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? ஊரார் படமெல்லாம் எடுக்கிறவனிடம் தன் பெண்டாட்டி படம் ஒன்று இல்லை. ஒரு படம் எடுத்து, அந்தக் கண்ணாடித் தகட்டையே அனுப்பு. படம் எடுப்பது மார்க்கத்தில் கூடாது என்பார் மாமி, அவரைச் சமாளிப்பது உன் காக்கா பாடு. ஒன்றிரண்டு தழும்பு இருந்தால்தான் என்ன, என் பென்சில் எதற்கு இருக்கிறது?

மாமிக்கு என் ஸலாம். பதில் எழுது புள்ளே.

உன் மச்சான்,
சைபுதீன்


பகாவ்,
1935 ஜனவரி

என் சுலைஹாவுக்கு, ஸலாம். இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி.

மரைக்கார் திரும்பி வந்து, பஞ்சில் சுற்றிய கண்ணாடித் தகட்டையும் உன் கடிதத்தையும் கொடுத்தார். உன் காக்கா படக்காரரை முற்றத்துக்கே கூட்டிவந்து எடுக்க வைத்ததையும், மாமி அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டதையும் சொன்னார். உன் முகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நீ எழுதியது எனக்கு மனப்பாடம். "தழும்பையெல்லாம் உங்கள் பென்சிலால் அழித்துவிட்டு அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தோடேயே அங்கே இருந்துவிடுங்கள். ஊருக்கு வரவேண்டாம். அங்கேயே ஒரு நிக்காஹ் செய்துகொண்டாலும் எனக்குச் சம்மதம்." எப்படிப் புள்ளே உனக்குக் கை வந்தது? படித்துவிட்டு நான் அன்று கடை போடவே இல்லை. பென்சில் பெருமை பேசினது நான்தான். அதையே எடுத்து என்னைக் குத்திவிட்டாய்.

உடனே பதில் எழுதியிருப்பேன். ஆனால் பஞ்சாலை கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் எழுதினால் உனக்கு விளங்காது.

சொன்னபடியே அடுத்த ஞாயிறு வந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரையை அவிழ்த்தேன். "அந்த மாளிகைக்கும் எனக்கும் என்னா பாய் சம்பந்தம்?" என்று நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டுபோய், கடை வாசல் நடைபாதையின் ஓரத்தில், காலை வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். பக்கவாட்டு வெளிச்சத்தில் குழியெல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியட்டுமே" என்றாள். சரி, உன் தலையெழுத்து என்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

சுலைஹா, அதுவரை நான் துணிக்குள் போனால் எந்த முகத்திலும் எதை அழிக்கலாம் என்றுதான் பார்ப்பேன். அன்று அழிக்க உத்தரவில்லை. வேறு வேலை இல்லாததால் முகத்தைப் பார்த்தேன். தாயே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் அவள் கேமராப் பெட்டியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மழைத்துளி விழுந்த நம் கடற்கரை மணல்போல் இருந்தது அந்தக் கன்னம். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மனமில்லாமல் நான் நின்றது அன்றுதான். அவளே, "செத்துட்டியா பாய் உள்ள?" என்று கேட்ட பிறகுதான் எடுத்தேன்.

படத்தைக் கையில் கொடுத்ததும் விரலால் தடவிப் பார்த்தாள். "இதான் நானு. எங்க ஆயியும் இப்பிடித்தான் தடவிப் பாப்பா" என்றாள். ஒரு பிரதியைக் கடை வாசலில் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "மாட்டிக்க, ஆனா பொட்டு எதுவும் வரஞ்சு வெக்காத" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

அதிலிருந்து என் கை மாறிவிட்டது. திரை சுருண்டு கிடக்கிறது. தெருவில், இருக்கிற வெளிச்சத்தில், அவரவர் நிற்கிறபடியே எடுக்கிறேன். சன்னாசி என்று, தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற ஒரு மண்டோர், ஒரு விரல் இல்லாதவர், எப்போதும் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் படம் எடுப்பார். பஞ்சாலையின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கையை முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாரும் அப்படியில்லை. இளவட்டங்களுக்கு இன்னமும் கோட்டு வேண்டும், பென்சிலும் வேண்டும். கேட்டால் செய்துதான் கொடுக்கிறேன், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இனி உன் தகடு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தலைகீழ் நிறம் என்று முன்பு எழுதினேனே, அதனால் நீ வெள்ளை முடியோடு தெரிந்தாய். நாம் பேரன் பேத்தி எடுத்த பிறகு நீ இப்படித்தான் இருப்பாய் என்று தோன்றியது. அந்தக் கிழவிக்குப் பக்கத்தில் நான் இல்லாமல் போவேனா? ஆனாலும் நீ வாய்விட்டுக் கேட்டதாயிற்றே. பெண்டாட்டி கேட்டதைச் செய்யாமல் எப்படி என்று பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இடக் கண்ணுக்குக் கீழே உனக்கு ஒரு மச்சம். நிக்காஹ் அன்று முக்காட்டை விலக்கினதும் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். அதற்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால், அங்கே மூன்று புள்ளிகள். தகட்டில் மச்சமும் வெளிறிய புள்ளிதான், தழும்பும் வெளிறிய புள்ளிதான். எது மச்சம், எது அம்மை என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு புள்ளி தவறினால் என் மச்சத்தை நானே அழித்திருப்பேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

தகட்டை அப்படியே அச்சிட்டேன். மருந்துத் தண்ணீரில் மிதந்து உன் முகம் மேலே வந்தது. ஆமாம், தழும்பு நிறைய இருக்கிறது. கன்னத்தில், நெற்றியில், மூக்கின் நுனியில்கூட. இல்லை என்று பொய் சொன்னால் நீ நம்பமாட்டாய். முதலில் பார்த்தபோது அழுதேன், நீ அந்த வலியை நான் இல்லாமல் தனியாகத் தாங்கினாயே என்றுதான். அப்புறம் அந்த மச்சத்தைக் கண்டுபிடித்தேன். அதற்கு இரண்டு பக்கமும் துணைக்கு ஆள் வந்திருக்கிறது. கீழே உதடு, படக்காரர் மேல் எரிச்சலில் கோணிக்கொண்டு நிற்கிறது. என் சுலைஹா எங்கேயும் போய்விடவில்லை.

இதை யாருக்கும் காட்டவில்லை, மரைக்காருக்குக்கூட. பஞ்சாலையிடம் மட்டும், படத்தைக் காட்டாமல், என் வீட்டிலும் அம்மை வந்துபோனது என்று சொன்னேன். "தழும்பு நமக்குத் தெரியாது பாய், பாக்குறவங்க மொகத்தப் பாத்துத்தான் தெரியும். நீ மொத மொத பாக்கையில ஒம் மொகத்தச் சரியா வெச்சிக்க" என்றாள். அதைத்தான் தினமும் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே.

நிக்காஹ் சம்மதத்தை நீயே மடித்து வைத்துக்கொள், எனக்கு வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் வருகிற நாகப்பட்டினம் கப்பலில் வருகிறேன். நீ வரவேண்டாம் என்றாலும் வருவேன். தகட்டை என் கையாலேயே கொண்டுவருகிறேன், அதில் பென்சில் படவில்லை. கேமராப் பெட்டியும் கூட வரும், நம் முற்றத்து வெயிலில் உன்னை நானே ஒரு படம் எடுக்கவேண்டும். மாமி இன்னொரு நாள் சாப்பிடாமல் படுத்தாலும் சரி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வந்து கதவைத் தட்டும்போது உன் காக்காவை அனுப்பாதே, மாமியை அனுப்பாதே, திரைக்குப் பின்னால் நின்றும் குரல் கொடுக்காதே. நீயே வந்து திற. முக்காட்டை விலக்குகிறது மட்டும் என் வேலை, அன்றைக்குப்போல. அல்லாஹ் உன்னை எனக்காகப் பிழைக்க வைத்தான். மிச்சத்தை அவனே நல்லபடியாக்கி வைப்பான்.

உன் மச்சத்துக்குச் சொந்தக்காரன்,
சைபுதீன்