ஒளிந்து வர வேண்டாம்

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் தம்பியும் சுகம், அப்பாவின் முட்டிவலி மட்டும் அவரைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது. நீயும் ஹங்கேரியில் குளிர் தாக்காமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். தம்பி பகலவன் இதைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் முடிந்தது, இனி நீட்டிக்க மாட்டார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பிள்ளை வருகிறாள் என்று ஒரு பக்கம் சந்தோஷம், ஏழு வருஷம் தனியாக உழைத்து உண்டாக்கிய வாழ்க்கையை விட்டு வருகிறாளே என்று இன்னொரு பக்கம் வருத்தம். உன் சைக்கிளைப் பக்கத்து அறை வியட்நாம் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் என்றாயே, அழு கண்ணு, நன்றாக அழு. பிடித்துப்போன இடத்தை விட்டு வர வலிக்காதா? ஆனால் அதற்கப்புறம் ஒன்று சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் சொல்லாதீர்கள், ஏர்போர்ட்டுக்கு வராதீர்கள், டாக்சி பிடித்துப் போய்ச் சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜில் தங்குவேன், ஒரு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகுதான் வடக்குப்பட்டுக்கு வருவேன் என்கிறாயே, அடிப்பாவி, நீ என்ன கோழி திருடிக்கொண்டா வருகிறாய்?

நம் தெருவில் யார் வெளிநாடு போனாலும் வந்தாலும் வேன் வைத்து எல்லாரும்தான் போவோம். நீ போன அன்று மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று தெருவே கையாட்டியது. அன்றைக்கு வேண்டியவர்கள் இன்றைக்கு வேண்டாமா? கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன், சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். வேலதானே போச்சு, எம் பொண்ணா போச்சு, வேன நானே ஓட்டிக்கினு போறேன் என்றவர் அன்றைக்கே லீவும் சொல்லிவிட்டார். பகலவன்தான், அக்கா சங்கடப்படும்மா, அது இஷ்டத்துக்கு வுட்டுடு என்றான். அதையும் யோசித்தேன். ஆனால் ஒருமுறை ஒளிந்து வந்தால் அப்புறம் கடைக்குப் போக, பஸ் ஏற, எல்லாவற்றுக்கும் ஒளிவாய், அதற்கு நான் விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானே எழுந்து நின்று, என் மகளுக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்கு வருகிறாள், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். நான் வீடு வந்து சேருமுன் எதிர்வீட்டுக் கோமதியம்மாள் வாசலில் நிற்கிறாள். கல்யாணமும் இல்ல, வேலையும் இல்ல, இன்னா பண்ணப் போவுது என்று கேட்பாள், நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன். அவளோ, வேன்ல எனக்கு ஜன்னலோரம் வுடு ஞானம்மா, இல்லாங்காட்டி வாந்தி எடுத்துருவேன் என்கிறாள்.

இங்கே வேலை கிடைக்க நாளாகலாம். அங்கே ஆட்களை வேலை வாங்கும் லைன் லீடராக இருந்தவளை மறுபடி மிஷின் முன்னால் ஆபரேட்டராக நிற்கச் சொல்லலாம், அது கசக்கும் என்று எனக்குத் தெரியும். பிடித்தால் போ, இல்லாவிட்டால் வேறு தேடு, அதை நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே தேடு.

தேவன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார். கிளம்பும் அன்று வயிற்றைக் காயப்போடாதே, கம்பளிச் சட்டையைப் பெட்டியில் போட்டுவிடாமல் கையில் வைத்துக்கொள். டாக்சிக்கு மட்டும் சொல்லாதே. இல்லை, லாட்ஜுக்குத்தான் போவேன் என்றால் தாராளமாகப் போ, வேன் பின்னாலேயே வரும், அத்தனை பேரும் இறங்கி அங்கேயே தங்குவோம்.

இப்படிக்கு,
உன் அம்மா ஞானம்மா
வடக்குப்பட்டு