முப்பது வரை எண்ணியது

மார்ச் 4, செவ்வாய்

குளியலறைக் குழாய் இன்றும் சொட்டுகிறது. நாளை ஆள் வருவாராம். மூன்று நாளாக நாளைதான்.

அலுவலகத்தில் புது சர்வர் அமைப்பை முடித்துவிட்டேன். அஞ்சலி மண்டபத்தில் கேமரா எடுக்கும் படமும் ஒலியும் எங்கள் மூல சர்வருக்கு வரும். அங்கிருந்து விநியோக சர்வர்கள் வாங்கி, நேரில் வர முடியாத உறவினர்களுக்கு அனுப்பும். பார்ப்பவர் கூட்டம் கூடினால் விநியோக சர்வர்களும் தாமாகவே கூடும். சோதனைக்காக இரண்டுக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்டு ஓட்டினேன். பிசிறில்லாமல் ஓடியது. முதலாளி, "உன் கைராசி" என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப அந்தக் குழாயையும் நீயே பார்த்துடேன்" என்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

நாளை பெரிய நிகழ்ச்சி. காலமானவர் ஒரு தலைமையாசிரியர். நாற்பது வருடம் பாடம் நடத்தியவர், எத்தனை மாணவர்கள் பார்ப்பார்களோ யாருக்கும் தெரியாது. "எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் சார்" என்றேன் முதலாளியிடம்.

மார்ச் 8, சனி

காலை பத்துக்குத் தொடங்கியது. என் திரையில் படம் கண்ணாடி மாதிரி. பத்தே காலுக்கு போன் அடிக்க ஆரம்பித்தது. படம் வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று. எனக்கு நன்றாகத் தெரிகிறதே? எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "உங்க இணைப்பைப் பாருங்க." நாற்பத்தோரு பேர். மண்டப வாசலிலிருந்து கேமரா அண்ணன்கூடக் கூப்பிட்டார். "என் போன்லயும் சுத்துதும்மா." "அங்க சிக்னல் கம்மிண்ணே" என்று வைத்துவிட்டேன்.

ஆசிரியரின் மகள் மட்டும் மூன்று முறை கூப்பிட்டாள். வேறு நாட்டில் இருக்கிறாள். எட்டு மாதக் கர்ப்பம். படுக்கையைவிட்டு எழவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் வரவில்லை. மூன்றாம் முறை, ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். அவள் கணவர் போய் அணைத்தார். "எத்தனை எண்ணணும்?" என்று கேட்டாள். முப்பது என்றேன். அவளும் நானும் சேர்ந்தே எண்ணினோம். அந்த நேரம் பார்த்துத்தான் என் திரையில் சவப்பெட்டியை மூடினார்கள். பாவம், அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அறிக்கையில் எழுதினேன்: நம் பக்கம் கோளாறு இல்லை. சில பார்வையாளர்களின் இணைப்பு சரியில்லை.

மார்ச் 10, திங்கள்

கேமரா அண்ணன் பதிவைக் கொடுக்க வந்தார். போகிறபோது திரும்பி நின்று, "நீ எதுல பார்த்தே?" என்றார்.

"என் மேசையிலதான்."

"அது எங்கேருந்து வருது?"

என் திரை மூல சர்வரிலிருந்து நேராக எடுக்கிறது. ஜனங்களோடு நான் வரிசையில் நிற்பதே இல்லை. சமையலறையில் பாத்திரத்திலிருந்து ருசி பார்த்துவிட்டு, பந்தியில் எல்லோருக்கும் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் போனதும் அமைப்பைத் திறந்து பார்த்தேன். உச்ச வரம்பு: 2. சோதனைக்கு நான் போட்ட கட்டு, நானே அவிழ்க்க மறந்தது. இரண்டு சர்வர்களால் அறுநூறு பேருக்குத்தான் கொடுக்க முடியும். வந்தவர்கள் இரண்டாயிரத்து முந்நூறு பேர்.

வரம்பை நாற்பது ஆக்கினேன். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, திருடி மாதிரி.

மார்ச் 11, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. குழாய்க்காரர் வந்து போனார். சொட்டுவது நின்றுவிட்டது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, அது வேறு எரிச்சல்.

மார்ச் 13, வியாழன்

அந்த மகள் மின்னஞ்சலில் கடிதம் அனுப்பியிருக்கிறாள். எனக்கு நன்றி சொல்லி. 'மூன்று முறை தொந்தரவு செய்தேன், நீங்கள் கோபப்படாமல் பேசினீர்கள். தப்பு எங்கள் வீட்டில்தான். முந்தின நாள்தான் என் கணவர் ரவுட்டரைப் பிறக்கப்போகும் குழந்தையின் அறைக்கு மாற்றினார், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அவரோடு இன்னும் நான் பேசவில்லை. உங்களுக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.'

உங்களுக்காவது.

முதலாளி படித்துவிட்டு, "பிரிண்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டலாம்" என்றார். நானும் சிரித்தேன். சிரித்தேன்!

மார்ச் 14, வெள்ளி

ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நான் நாற்பத்தோரு வீட்டு மேடையைக் கோணல்னு சொல்லியிருக்கேன். அதுல ஒரு வீட்ல புருஷன் பொண்டாட்டி பேச்சே நின்னு போச்சு. அந்த மனுஷன் என்ன பண்ணினார்? நான் சொன்னேன்னு எழுந்து போய் ரவுட்டரை அணைச்சார். அவ்வளவுதானே?

சாப்பிடும்போது இவர் கேட்டார், "ஒரு வாரமா என்ன மூஞ்சி இது?" எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்றே? அவங்ககிட்ட சொல்லு."

"வேலை போயிடுமே."

"போனா வேற தேடிக்கலாம். அங்க ஒருத்தர் செய்யாத தப்புக்குப் பொண்டாட்டி பேச்சே இல்லாம உக்காந்திருக்கார்."

இவர் திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். திட்டவில்லை.

மார்ச் 17, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன், அந்த மகளிடமும் சொல்லப்போகிறேன் என்று. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் நீயா ஏன் போய்ச் சொல்றே? மண்டபத்துக்காரர் நம்மளை விட்டா ஏழு பேர் வீட்டுக்குப் போகணும்."

ஏழு பேரின் முகமும் தெரியும் எனக்கு. எதிர் மேசைக்காரிக்குப் போன மாதம்தான் கல்யாணம் நிச்சயமானது. ஆனாலும், "இன்னிக்குப் பேசிடுவேன் சார்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து கூப்பிட்டேன். 'வரம்பை நான்தான் எடுக்கவில்லை, உங்கள் ரவுட்டரில் ஒன்றுமில்லை, உங்கள் கணவர்மேல் எந்தத் தப்பும் இல்லை' என்று எழுதிவைத்துப் படித்தேன். கண்ணீரில் எழுத்தே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிறகு கேட்டாள்.

"நாம எண்ணிட்டிருந்தோமே, அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிட்டிருந்துச்சா?"

"ஆமா."

"போனை அந்தத் திரைகிட்ட வெச்சிருக்கலாமே. அங்க இருந்த என் அண்ணன் குரலாவது கேட்டிருக்கும்."

வைத்துவிட்டாள்.

பதினைந்து வருடமாக ஒலியை அனுப்பும் வேலை பார்க்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. கையில் போன், எதிரில் ஸ்பீக்கர், நடுவில் ஒரு முழ தூரம்.

மார்ச் 18, செவ்வாய்

மற்ற நாற்பது பேருக்கும் கடிதம் எழுதினேன். கேமரா அண்ணனிடம் நேரில் சொன்னேன். "தெரியும்மா, நீயே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். அறைந்திருக்கலாம்.

நேரலைப் பக்கமே வரக்கூடாது என்று முதலாளி உத்தரவு. பழைய பதிவுகளை அடுக்கும் வேலை. ஆசிரியரின் பதிவு மூன்றாவதாக வந்தது. திறக்காமல் அடுக்கினேன்.

மார்ச் 31, திங்கள்

விஷயம் தெரிந்தும் மண்டபத்துக்காரர் எங்களைக் கைவிடவில்லை. ஆனால் இனி ஒவ்வொரு நிகழ்ச்சியையும் யாராவது வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று நிபந்தனை. முதலாளி என் மேசைப் பக்கம் வந்து, "நீயே பாரு" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 9, புதன்

இப்போதெல்லாம் நிகழ்ச்சி நேரத்தில் தெருவுக்கு இறங்கி, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, என் சொந்த போனில் பார்க்கிறேன், நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக. வட்டம் சுற்றினால் எனக்கும் சுற்றட்டும்.

இன்று மேலே வந்ததும் ஒரு பெரியவர் கூப்பிட்டார். படம் வருகிறதாம், சத்தம் வரவில்லையாம். ஒன்றும் கேட்காமல் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டேன். இருபது நிமிடம். முடிந்ததும் எடுத்தால் அவர் பேத்தி சிரிக்கிறாள்: "தாத்தா ஒலியை அணைச்சு வெச்சிருக்கார் அக்கா." எதிர் மேசைக்காரியும் சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவளிடமிருந்து கடிதம். திறக்கப் பயந்து, மத்தியானம் வரை மற்ற வேலைகளைப் பார்த்தேன்.

'நேற்றுதான் பதிவைப் பார்த்தோம். பெட்டியை மூட ஆரம்பித்ததும் நான் எண்ணத் தொடங்கினேன், ஏன் என்று தெரியவில்லை. பதினொன்றிலேயே மூடி முடித்துவிட்டார்கள். மீதி பத்தொன்பதையும் அன்றைக்கு நாம் சும்மாதான் எண்ணியிருக்கிறோம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பெண் பிறந்திருக்கிறாள்.'

இரண்டு முறை படித்தேன். மன்னிப்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன், வெட்கமில்லாமல். இல்லை.

கடைசியில்தான் கவனித்தேன். போன கடிதத்தின் கீழே அவள் பெயர் மட்டும் இருந்தது. இதில் அவள் பெயரும் அவள் கணவர் பெயரும் இருக்கின்றன.