முதலில் குறித்தவர்

பிப்ரவரி 6, வியாழன்

பேருந்தில் நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. ஆனாலும் இன்று யாரையும் திட்டவில்லை. எழுதி வைக்க வேண்டிய விஷயம்தான்.

பதினொரு மணிக்கு வானாய்வக இயக்குநர் எங்கள் அளவீட்டு அறைக்கே வந்தார். நான்கு வருடம் முன்பு நான் கண்டுபிடித்த பொருள் – சூரியனை ஒருமுறை சுற்றிவர எழுநூறு வருடம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கருப்பு உருண்டை – அதன் பாதை ஏறக்குறைய உறுதியாகிவிட்டதாம். பழைய படம் ஒன்றிலும் அது அகப்பட்டால் நிரந்தர எண் கொடுத்துவிடுவார்கள். எண் வந்தபின் பெயர். பெயரை முன்மொழிவது முதலில் குறித்தவரின் உரிமை. அதாவது நான்.

"நல்ல பேரா யோசிங்கம்மா. பல்லு உடையாம சொல்ற மாதிரி," என்றார். அவர் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது; மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு பூனைகூட வளர்த்ததில்லை. பெயர் வை என்று இதுவரை யாரும் என்னிடம் எதையும் கொடுத்ததில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். பெயர் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "சூப்பர்க்கா. உன் கண்ணு கண்ணுதான்." உண்மையான சந்தோஷம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தான். சாலையைக் கடக்க நின்றோம். இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. அவன் நகரவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் கடந்த பிறகுதான் பின்னாலேயே கடந்தான். வீட்டிலும் அப்படித்தான். "அடுப்பு அணைஞ்சிருக்கா? நீ வந்து பாரேன்" என்று தன் மனைவியை ஒரு நாளைக்குப் பத்து முறை கூப்பிடுவான்.

முன்பு அவனும் என் அறையில்தான் வேலை பார்த்தான். தொலைநோக்கி வானத்தின் ஒரே இடத்தை ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று படம் எடுக்கும். நட்சத்திரங்கள் நகராது, நகரும் புள்ளி மட்டும் நமக்கு வேண்டியது. அவன் புள்ளியைக் குறிப்பான், நான் சரிபார்ப்பேன். ஒன்பது வருடம் முன்பு அவன் குறித்ததில் நிறைய பொய்ப்புள்ளி. அவனைப் பற்றி அறிக்கை கேட்டார்கள். "இல்லாததைப் பார்க்கிறார்" என்று எழுதினேன். அதோடு வேலை போயிற்று. இப்போது பார்சல் கிடங்கில் இருக்கிறான்.

சொந்தத் தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை என்று அப்போது எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 12

பெயர் கிடைத்துவிட்டது. ஆள் பெயர் கூடாது, பழங்கதையில் வரும் பெயராக இருக்க வேண்டும் என்பது எண்ணும் பெயரும் கொடுக்கும் சர்வதேசக் குழுவின் விதி.

தவ்வை.

பழைய சொல். மூத்தவள், அக்கா என்று பொருள். மூதேவிக்கும் அதுதான் பெயர். பாதைக் கணக்குப் போடும் பெண்ணிடம் சொன்னேன். அந்த அறையில் என்னிடம் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். "போயும் போயும் மூதேவியா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தங்கச்சியை வா வான்னு கூப்பிடுவாங்க, அக்காவைப் போ போன்னு விரட்டுவாங்க. அவ எங்கதான் போவா? அங்க போய் உக்காந்திருக்கா."

"சரிதான். இருட்டு, குளிரு, பக்கத்துல ஒருத்தரும் கிடையாது. அப்படியே உங்களுக்குன்னு தைச்ச மாதிரி இருக்கு," என்றாள். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பிப்ரவரி 13

படிவத்தில் எழுதிப் பார்த்தேன். தவ்வை. என் கையெழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20

கணக்குப் பெண் பாதையைப் பின்னோக்கிப் போட்டு, ஒன்பது வருடம் முன்பு அது எங்கே இருந்திருக்கும் என்று குறித்துக் கொடுத்தாள். பழைய சேமிப்பில் அந்த இடத்தின் படத்தைத் திறந்தேன்.

புள்ளி இருந்தது. அதைச் சுற்றிப் பச்சை வட்டமும் இருந்தது.

குறிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம்; பச்சை தம்பியின் நிறம். பக்கத்தில் அவன் குறிப்பு: "மிக மெதுவாக நகர்கிறது. மூன்று நாள் கழித்து இதே இடத்தை மறுபடி எடுக்க வேண்டும்." நேரம் 10.40. அதற்குக் கீழே என் குறிப்பு: "கருவிக் கோளாறு. நீக்கவும்." நேரம் 10.41.

ஒரு நிமிடம். அதில் தட்டச்சு செய்த நேரம் வேறு போக வேண்டும். நான் அந்தப் படத்தைத் திறந்தேனா? திறந்திருந்தால் ஞாபகம் இருக்காதா? அந்த மாதம் முழுக்க அவன் மேல் கடுப்பு. அவன் குறித்தாலே தப்பு என்று – பார்க்காமலேயே –

மூணு நாள் கழிச்சுப் பாருன்னுதானே சொன்னான். வேற என்ன கேட்டான். இருந்ததுடா. நீ பார்த்தது அங்கதான்டா இருந்தது.

பிப்ரவரி 21

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 24

கணக்குப் பெண்ணிடம் பொதுவாகக் கேட்பது மாதிரி கேட்டேன். முதலில் ஒருவர் குறித்து, அதைச் சரிபார்ப்பில் நீக்கியிருந்தால் அது செல்லுமா?

"குறிச்சவங்க குறிச்சவங்கதானே. நீக்கிட்டா வானத்துல இல்லாமப் போயிடுமா?" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

எட்டு வருடம் முந்தைய படம் ஒன்றிலும் அது இருக்கிறது. அதில் யாருடைய வட்டமும் இல்லை. அதைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

பொய் சொல்லவில்லை. ஒரு படம் கேட்டார்கள், ஒரு படம் கொடுத்தேன். அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மறந்து போயிருப்பான். எனக்கு இது ஒன்றுதான். வாழ்க்கையில் இந்த ஒன்றே ஒன்று.

இதை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 5

எண் வந்துவிட்டது. பெயர்ப் படிவத்தையும் அனுப்பிவிட்டேன். அறையில் கைதட்டினார்கள். என் பங்கு கேக்கைக் கணக்குப் பெண்ணிடம் தள்ளிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி மனைவி போன் செய்தாள். கிடங்கில் நேற்று ஒரு விபத்து. அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் சரிந்து, கூட வேலை செய்பவரின் கால் நசுங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்குமாம். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அவள் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள்:

"அடுக்கு சாயறதை இவரு முன்னாடியே பார்த்திருக்காரு அண்ணி. பார்த்துட்டு, நமக்குத்தான் அப்படித் தெரியுது போலன்னு பேசாம நின்னுட்டாராம். ஒரு குரல் குடுத்திருந்தா அந்த மனுஷன் நகர்ந்திருப்பாரு. காலையிலேர்ந்து இதையேதான் சொல்லிக்கிட்டிருக்காரு."

இல்லாததைப் பார்க்கிறார். நான்தான் எழுதினேன். அதிகாரிக்கு எழுதினேன் என்று நினைத்திருந்தேன். நம்பியவன் இவன்தான்.

மார்ச் 11

இயக்குநரின் மேசையில் பச்சை வட்டம் போட்ட பழைய படத்தை வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா, முடிஞ்சு போன கதையை இப்போ எதுக்குக் கிளறணும்? வெளிய தெரிஞ்சா உங்க பேர் மட்டுமா கெடும்?"

பெயர் கெடட்டும் என்றேன். என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு நிமிடத்தையும் எழுதினேன். படத்தை மறைத்ததையும் எழுதினேன்.

கணக்குப் பெண் மத்தியானம் என் பக்கமே திரும்பவில்லை. நியாயம்தான்.

மார்ச் 15

தம்பி வீட்டுக்கு மடிக்கணினியை எடுத்துப் போனேன். அவன் அன்று குறித்த இடத்தின் மூன்று படங்களும் ஒன்று மாற்றி ஒன்று திரையில் வருமாறு வைத்தேன். வட்டத்தை எடுத்துவிட்டிருந்தேன். அவனே கண்டுபிடிக்கட்டும் என்று – முட்டாள், முட்டாள் – அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"எங்கக்கா?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"தூசி மாதிரி இருக்கு. நகருதா என்ன?"

"நகருதுடா. நல்லாப் பாரு."

"நீ நகருதுன்னு சொன்னா நகரும்க்கா."

"நான் சொல்லக் கூடாதுடா! நீ பாரு!" கத்திவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் திருப்திக்காக மறுபடி குனிந்து பார்த்தான். "இல்லக்கா. எனக்கு அப்படியேதான் நிக்குது."

புள்ளி தேடும் கணினி நிரலே கோட்டை விட்டதை அன்று தனி ஆளாகப் பிடித்தவன். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வட்டம், 10.41, அனுப்பாமல் ஒளித்தது. கடைசியில், "அன்னைக்கு நீ படத்தைத் திறக்கவே இல்லையா?" என்றான்.

"இல்லை."

தலையாட்டினான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடிக்கணினியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "பேரு நீயே வெச்சிடு. நான் வெச்சா அதுவும் தப்பாப் போயிடும்," என்றான்.

வாசலில் அவன் மனைவி செருப்பை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் வந்தாள். "ஒம்பது வருஷமா அவருக்குக் கண்ணா இருக்கேன் அண்ணி. அது எதனாலன்னு இன்னைக்குத்தான் தெரியுது. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க."

ஏப்ரல் 2

சரிபார்ப்பிலிருந்து என்னை ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லை. அதுவும் நல்லதுதான்.

ஏப்ரல் 27

தம்பிக்கு இன்றும் போன் செய்தேன். அவன் மனைவிதான் எடுத்தாள். "தூங்கறாரு," என்றாள். மாலை ஐந்து மணி.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி மனைவியே கூப்பிட்டாள். "குழுவிலேர்ந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. உங்களை வரச் சொல்றாரு."

போனேன். இளைத்துவிட்டான். கிடங்கு வேலையை விட்டுவிட்டானாம். கால் போனவரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

கடிதத்தை என்னிடம் கொடுத்தான். நான்கே வரி. பொருளின் எண். முதலில் குறித்தவர் என்ற இடத்தில் அவன் முழுப் பெயர். பெயரை முன்மொழிய அவனுக்குப் பத்து வருட அவகாசம்.

"இதுல என் பேர்தானேக்கா போட்டிருக்கு? சரியாப் பார்த்துச் சொல்லு."

"உன் பேர்தான்டா."

"சரி," என்றான். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மனைவியிடம் நீட்டினான். "நீயும் ஒரு தடவை பாரேன்."