ஒரே வெள்ளையாக ஆறு

செவ்வாய், இரவு.

இறந்துபோன அண்ணனின் வீடியோ கேம் பெட்டியை அவர் மகளுக்காக மதினி கேட்டிருந்தார். பழசாகி மஞ்சள் பூத்துக் கிடந்த அதையும், புதுப்பித்து விற்க என் கடையில் இருந்த அதே மாதிரிப் பெட்டிகள் ஐந்தையும் சேர்த்தே, பிளாஸ்டிக் வெளுக்கப் பெராக்சைடு பூசி, தகரக் கூரையில் வெயிலுக்கு வைத்தேன். மற்றவற்றைவிடக் கருத்த மஞ்சள் என்பதுதான் அதற்கு அடையாளம். மாலையில் ஆறும் ஒரே வெள்ளை.

மதினி வந்ததும் கைக்கு வந்த ஒன்றைக் கொடுத்தேன்.

"இதானா தம்பி அவுக வச்சிருந்தது? புதுசு கணக்கா இருக்கே."

"இதேதான் மதினி. நம்ம கடை வேலைன்னா சும்மாவா?"

"இதக் கட்டிக்கிட்டே கெடப்பாக. நான் ஏசாத நாளு கெடையாது," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மீதி ஐந்தில் ஒன்று அண்ணனுடையதாக இருக்கலாம். அவற்றை எடுக்கக் காலையில் வரவிருந்த மும்பை விக்ரோலி வியாபாரியை வர வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். சரக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.