உனக்கு மட்டும் எழுதியது

செம்பாக்கம்
18.11.2007

சிரஞ்சீவி பத்ரிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா, நான், ஸ்ம்ருதி மூன்று பேரும் சௌக்கியம், டொராண்டோ குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன், எழுதும்போதே இந்த வரியையும் யார் யார் படிக்கப்போகிறார்களோ என்று கை நிற்கிறது. முன்பெல்லாம் உனக்கு எழுத உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்குவது கூடத் தெரியாது. இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் முதுகுக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு விடாத மழை, ஏரி நிரம்பிவிட்டது, தெருக்கோடியில் முழங்கால் தண்ணீர், வாக்கிங் போக முடியாமல் அப்பா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். இவ்வளவும் ஊருக்குத் தெரிந்தால் நஷ்டமில்லை, அதனால் தாராளமாக எழுதிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி பிறந்த சமயம் அப்பாவின் மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைப்பையன் தயாளன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். என்னடா என்றதற்கு, இன்னா மாமி, நான் போன் பேசிகினே மாத்திரைய மாத்திக் குடுக்கறேன்னு இன்டர்நெட்ல போட்டுட்டீங்களே, ஓனர் படிச்சா என் வேலை இன்னா ஆவறது, ஒரே பேஜாராப் போச்சு என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அப்படிச் சொன்னது வாஸ்தவம், ஆனால் உனக்கு எழுதிய கடிதத்தில்தான் சொன்னேன், வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. உடனே எனக்குச் சந்தேகம் மாடி வீட்டுப் பாலாம்பாள் மேல் போயிற்று. அவள் வீட்டுக்காரர்தானே தாம்பரம் போகும்போது என் கவரைத் தபாலில் போடுகிறவர். ஆவி காட்டிப் பிரித்துப் படிக்கிறாளோ என்று அடுத்த கவருக்குக் கோந்து தடவி, அதன் மேல் செலோடேப்பும் ஒட்டி, ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு புள்ளியும் வைத்தேன். அவள் கொடுத்த அதிரசத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். பாவம், அவள் முகம் சுருங்கிப் போனதை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

கடைசியில் எதிர் வீட்டு சரிதாதான் குட்டை உடைத்தாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், அவளிடம் இன்டர்நெட்டில் நம் தெருவைப் பற்றி ஏதாவது வருகிறதா பாரம்மா என்றேன். லேப்டாப்பைத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயோ ஆன்ட்டி, இந்த லெட்டர்ஸை நான் ஆறு மாசமா படிச்சுட்டு இருக்கேன், நம்ம தெரு மாதிரியே இருக்கேன்னு நினைச்சேன், பேரெல்லாம் வேறயா இருந்துச்சு, இது நீங்களா என்றாள். என் கடிதங்கள் பத்ரி, வரிசையாக, நீ டைப் அடித்து, மேலே அம்மா எழுதுகிறாள் என்று தலைப்புப் போட்டு. மலேசியாவிலிருந்து யாரோ படித்துவிட்டு அழுதேன் என்று எழுதியிருக்கிறார். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு உற்றுப் பார்த்தேன். என் ளகர ழகரப் பிழையையெல்லாம் திருத்தியிருக்கிறாய், அது சரி. ஆனால் சம்பளத்தையெல்லாம் கேமராவுக்குக் கொட்டுகிறாயே என்றும், நீ ஏன் அந்த மதுரைப் பெண் விஷயத்தில் பிடி கொடுக்கவில்லை என்றும் உன்னைத் திட்டிய வரிகள் எங்கேயும் இல்லை. உன் சமாசாரத்தை மட்டும் அழகாக விட்டுவிட்டாய். அப்படியானால் எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

போன ஞாயிறு போனில் கேட்டேன், நீ சிரித்தாய். அம்மா, எல்லாரும் ரசிக்கறா, பேரெல்லாம் மாத்திட்டேன், வேண்டாம்னா ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன் என்றாய். பேரை மாற்றினால் ஆயிற்றா? செம்பாக்கம் இருக்கிறது, ஏரிக்கரைத் தெரு இருக்கிறது, அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்தது இருக்கிறது, எதிர் வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் சிறுசேரி போகிற பெண் இருக்கிறாள். இதற்கு மேல் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை, நம் ஸ்ம்ருதிக்குப் பேசியிருக்கிற பள்ளிக்கரணை இடத்திலிருந்து சம்பந்தி மாமி, இன்னும் சம்பந்தி ஆகவில்லை, போன் செய்தாள். அவள் நாத்தனார் பெண்ணுக்கு யாரோ மெயிலில் ஒரு கடிதம் அனுப்பினார்களாம், அது சுற்றிச் சுற்றி அவள் பிள்ளை கஸ்தூரிரங்கனிடமே வந்துவிட்டதாம். உங்க பொண்ணு மனசுல எங்க பையன் இல்லையாமே, அப்பாவுக்கு உடம்பு முடியலேன்னுதான் சரின்னாளாமே என்று என் வரியை எனக்கே வாசித்துக் காட்டினாள். அப்பாவிடம் சொல்லாமல் மறைத்துப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். தட்டில் கையை வைத்தபடி, இந்த இடமும் போச்சா என்றார். அவர் நெஞ்சுக்கு இது தேவையா சொல்லு.

நீ எடுத்துவிட்டாய், சரிதா பார்த்துச் சொன்னாள். ஆனால் மெயிலில் போனது போனதுதானே. நீ கணக்கு வைத்திருக்கிற அந்த இன்டர்நெட் கம்பெனியின் நிபந்தனைகளை அவளிடம் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லி, இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். ஆரம்பத்தில், நீங்கள் போடுவதெல்லாம் உங்களுடையதே என்று குழைகிறான். அடுத்த வரியிலேயே, ஆனாலும் அதை உலகம் பூராவும் நகலெடுக்க, காட்ட, வேண்டியபடி மாற்ற, மற்றவர்களுக்கும் கொடுக்க எங்களுக்குச் சும்மாவே உரிமை உண்டு என்கிறான். வீடு உன்னுடையது, சாவி என்னிடம் இருக்கட்டும் என்கிற குடித்தனக்காரனை நாம் உள்ளே விடுவோமா? சரிதா, எல்லா இடத்துலயும் இப்படித்தான் ஆன்ட்டி இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க என்கிறாள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்து எழுதுகிறவனை நான் எப்படி நம்புவது? அதைக்கூட விட்டுவிடுகிறேன். இன்னொரு வரி இருந்தது. போடுகிற சரக்கு தன் சொந்தம், அல்லது சொந்தக்காரரிடம் சம்மதம் வாங்கியது என்று போடுகிறவர் உறுதி சொல்ல வேண்டுமாம். நீ சொல்லியிருக்கிறாய் பத்ரி, கட்டத்தில் ஒரு டிக் அடித்து. என்னிடம் எப்போது சம்மதம் கேட்டாய்? தபாலில் போட்ட பிறகு காகிதம் உன்னுடையதுதான், கிழித்துப் போடு, பெட்டியில் வை, நான் கேட்கப்போவதில்லை. அதில் இருக்கிற நான் எப்படி உன் சொந்தமாவேன்? உனக்கு எழுதினேனடா, உனக்கு மட்டும்.

இதையெல்லாம் ஸ்ம்ருதியிடம் சொல்லிப் புலம்பினேன். அவளும் உன்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், தலை பின்னுவதை நிறுத்திவிட்டு, அண்ணா உன்னைக் கேக்காம போட்டான்னு கோவப்படறே, சரி, என் மனசுல யார் இருக்கா யார் இல்லேன்னு நீ என்னைக் கேட்டா எழுதினே என்றாள். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று ராத்திரி அவள் அழுததைப் பார்த்தேன், அதிலிருந்து நானாக ஊகித்துக்கொண்டதுதான். பெற்றவளுக்குத் தெரியாதா என்ற தைரியத்தில் எழுதினேன். கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை, சரிதானே என்று மட்டும்தான் எல்லோரும் கேட்டோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் கஸ்தூரிரங்கன் தனியாக வந்தான், பைக்கில், மழையில் தொப்பலாக நனைந்து. வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். அப்பாவிடம், கடிதத்துல இருக்கறது நிஜமான்னு அவங்ககிட்டயே கேக்கணும் மாமா, கோவத்துல வரலை என்றான். நானும் அப்பாவும் உள்ளே போனோம். மிக்ஸியை நிறுத்தினேன், குக்கரை இறக்கினேன், காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், இந்தப் பாழாய்ப்போன மழைச் சத்தத்தில் ஒரு வார்த்தை விழவில்லை. காபி ஆறிப்போகிற மட்டும் பேசினார்கள். அவன் அப்பாவை நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போய்விட்டான். அவன் தலை மறைந்ததும், என்னடி சொன்னே என்று ஓடினேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டே, அது என்னோடதும்மா என்றாள். அப்பா மட்டும் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டார், ஏன் என்று அவரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு பலமான சந்தேகம் இருக்கிறது. ஆனால் எழுத மாட்டேன். தெரிய வேண்டுமானால் நீயே அவளுக்குப் போன் செய், முதலில் மன்னிப்புக் கேள், பிறகு விஷயத்தைக் கேள், சொன்னால் சொல்லட்டும்.

நீ தீர்க்காயுசாக, நல்ல புத்தியோடு இருக்க வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். நாளைக்குப் பாலாம்பாளுக்குக் கொஞ்சம் ரவா லாடு செய்து எடுத்துப் போகப்போகிறேன். மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று. ஒட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஸ்ம்ருதியிடம் படித்துக் காட்டினேன். முதல் தடவையாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். இரண்டு வரி வேண்டாம் என்றாள், கறுப்பு மையால் நன்றாக அடித்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதே.

இப்படிக்கு,
உன்னை நம்பிக் கொண்டிருந்த, இன்னமும் நம்பப் பார்க்கிற அம்மா,
வேதா சூர்யநாராயணன்